ரெண்டு, எட்டு, ஒண்ணு

பாகூரில் ஒன்பதாம் வகுப்புக்கு அணு அமைப்பு நடத்திக்கொண்டிருந்தேன். கால் முறிந்து வீட்டில் கிடந்த மாணவியின் அம்மா ஒரு மாலை பள்ளிக்கு வந்தார். கரும்புக் கொல்லையிலிருந்து நேராக வந்திருந்தார். கையெல்லாம் கரும்பின் சோகை இலை கிழித்த கோடுகள்.

"இன்னிக்கு நடத்துனத எனக்குச் சொல்லுங்க டீச்சர். நான் போய் அவளுக்குச் சொல்றேன்."

"நோட்டு தரேன், அது போதும்மா."

"நோட்டப் பாத்தா அழுவுறா. யாராவது சொன்னாத்தான் கேக்குறா."

முன்பெஞ்சில் உட்கார்ந்தார். சோடியம் அணுவை வரைந்தேன். நடுவில் அணுக்கரு, சுற்றிலும் எலக்ட்ரான்கள், வரிசையாக இரண்டு, எட்டு, ஒன்று. வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பார்த்தவர், திடீரென்று கேட்டார்.

"நடுவுல இருக்கறது இழுக்குதுன்றீங்க. அப்ப சுத்தறது ஏன் உள்ள வுழல?"

"அது மேல் வகுப்புல வரும்மா."

"அவ கேட்டா நான் இன்னா சொல்றது?"

நாளைக்குப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். தலையாட்டிவிட்டு, "ரெண்டு, எட்டு, ஒண்ணு" என்றபடியே பஸ்ஸுக்கு ஓடினார்.

மகளின் கால் கூடும்வரை தினமும் வந்தார். பல வருடங்களாக மனப்பாடமாக நடத்திவந்த பாடத்தை, அவருக்குச் சொல்வதற்காகத்தான் நான் முதல்முறையாகப் படித்தேன்.