மடத்து வாசலில் அப்பா

லேக் மார்க்கெட் பலகாரக் கடையிலிருந்து முறுக்கு வேகும் வாசனை வந்தால் நான் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவேன். போன வாரம் என்னோடு வந்த பக்கத்து வீட்டுப் பெண், "ஏன் மாஷி, முறுக்கு பிடிக்காதா?" என்று வங்காளத்தில் கேட்டாள். பிடிக்கும். அந்தப் பிடித்தத்தில்தான் என் துறவறம் போயிற்று என்று எங்கள் வீட்டில் கடைசிவரை நம்பினார்கள். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது பவானிபூரில் இரண்டு அறை வீடு. தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் நாங்கள்; அப்பாவுக்கு அலிப்பூரில் கிளார்க் வேலை. எழுபதுகளின் நடுவில், பத்தொன்பது வயதில், கன்னியர் மடத்துக்குப் போகிறேன் என்றேன். பூசை முடிந்து காலியான கோயிலில் உட்கார்ந்திருந்தபோது யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது போலிருந்தது. என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேலி செய்வேன்; அதை மட்டும் இன்றும் முடியவில்லை.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தமிழ்க் குடும்பங்களெல்லாம் சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வந்து என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போயின. அப்பா மட்டும், "அங்க வயிறாரச் சாப்பாடு போடுவாவளாட்டி?" என்று கேட்டார்.

போடவில்லை. முடியை ஒட்ட வெட்டியபோதுகூட நான் அழவில்லை, பசிக்குத்தான் அழுதேன். முழங்காலிட்டுக் கண்ணை மூடினால் சேசு வரமாட்டார், முறுக்குதான் வரும். வீட்டுக்குப் போகும் கடிதங்களை மடத்துத் தலைவியான மதர் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். அதனால் பால்காரர் கையில் ரகசியமாக ஒரு இன்லண்ட் லெட்டர் கொடுத்து, அப்பாவின் ஆபீசுக்கு அனுப்பினேன்: பசிக்கிறது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

அப்பா நேரிலேயே வந்துவிட்டார். ஆபீஸ் சட்டை வேர்வையில் நனைந்திருக்க, எண்ணெய் ஊறிய முறுக்குப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி கேட்டில் நின்று, "பிள்ள பசிக்குன்னு எழுதியிருந்தா மதர்" என்று அவரிடமே சொன்னார்.

மதரும் நம்மூர்க்காரர்தான். மறுநாள் கூப்பிட்டு, "எல்லார் முன்னாலயும் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேளு. கேட்டா இருக்கலாம்" என்றார். யோசிக்க மூன்று நாள் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்பாவைக் கேட்டிலேயே நிறுத்தி அவமானப்படுத்தியதற்காக என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அது வெறும் வீம்பு.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். "டைபாய்டு வந்து முடிய எடுத்துட்டாவ" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னாள். வங்காளிப் பெண்கள் இளநீர் கொண்டுவந்தார்கள். வராத காய்ச்சலுக்குக் குடித்தேன். கோயிலில் யாரும் ஏமாறவில்லை. என் கையைக் கண்ணில் ஒற்றியவர்கள் நான் உட்கார்ந்ததும் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"ஒங்க பொட்டலந்தான் எம்பிள்ளைய சேசுகிட்டேருந்து பறிச்சிட்டு" என்று அம்மா ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கத்தினாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஆமா, எம்மேலதான் தப்பு" என்றார். மதர் இருக்கச் சொன்னதை அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் பழி என் பக்கம் திரும்பும். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

எட்டு வருஷம் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா, "அன்னைக்கு நான் வந்திருக்கக் கூடாதுட்டி" என்றார். "பேசாமப் படுங்கப்பா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

மடம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். தமிழ்ப் பூசை எப்போதோ நின்றுபோயிற்று. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வங்காளத்தில் ஜெபிக்கிறார்கள். மதரும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்த மூன்று நாள் அவகாசம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட அதை நான் சொன்னதில்லை.