கால் விழாத ஷாட்

சிதம்பரம் அண்ணாமலை நகரில் நாங்கள் தங்கிப் படித்த லாட்ஜின் மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுக்க அவன் ஓடியபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் பக்கெட், இன்னொரு கையில் என் லுங்கி. கொடிகளுக்கு நடுவே குனிந்தான், நழுவினான், ஒரு சுற்றுச் சுற்றி ஈரத் தரையில் சறுக்கி நின்றான். அப்படியே கறுப்பு வெள்ளைப் படத்து நடனம்!

"மச்சான், இன்னொரு தடவை அதே மாதிரி பண்ணு!"

"துணி நனையுது, வந்து எடுடா லூசு."

அவன் என் அறைத்தோழன், கடலூர் முதுநகர்க்காரன். நடனம் எங்கும் கற்றதில்லை; காதில் தாளம் விழுந்தால் கால் சும்மா இருக்காது, அவ்வளவுதான். நானோ அந்த வருடம் பழைய நடனப் படங்களாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவற்றில் ஆடுகிறவரைத் தலை முதல் பாதம் வரை காட்டுவார்கள், வெட்டாமல் காட்டுவார்கள். ஏமாற்ற வழியே இல்லை. வகுப்புக்காக நாங்கள் எடுக்கவிருந்த குறும்படத்துக்கும் அதையே சட்டமாக வைத்தேன். கொடியில் துணிகள், ஒருவன், ஒரே ஷாட்.

வகுப்புத் தோழி ஒருத்தி மெட்டுப் போட்டு முடிப்பதற்குள் அவனுக்கு விசா வந்துவிட்டது. வளைகுடாவில் அவன் மாமா இருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் வேலை. அவன் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவான், உடம்பு முடியாமல் போனதிலிருந்தே வீட்டில் பேசிவைத்ததுதான்.

"ஆட்டமெல்லாம் இதோட சரி மச்சான். ஒழுங்கா எடு. அங்க போய் நானே பாத்துக்குவேன், இப்படியும் ஒருத்தன் இருந்தான்னு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அவன் கிளம்பும் நாள் காலையில், கடலூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கருவாடு காயவைக்கும் சிமென்ட் தளத்தில் கொடி கட்டினோம். கேமராவோடு வந்தவர் நெல்லிக்குப்பத்துக் கல்யாண வீடியோகிராபர்.

"அண்ணே, முழு உருவம் வேணும். கால் கட் ஆகவே கூடாது."

"எத்தினி கல்யாணம் எடுத்திருக்கேன். நீ கம்முனு பாட்டப் போடு தம்பி."

காற்றில் கொடி அறுந்துவிடாமல் ஒரு முனையைப் பிடித்தபடி பாட்டைப் போட்டேன். ஆடினான். வேட்டிகளும் போர்வைகளும் படபடக்க, அவற்றை விலக்காமலேயே இடுக்குகளில் புகுந்து வந்தான். குதிகால் சிமென்டில் விழும் ஒவ்வொரு அடியும் தாளத்தில் அப்படியே உட்கார்ந்தது. கொடியை விட்டுவிட்டுக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. பாட்டு முடிந்த மறுகணம் அவன் அண்ணன் பைக்கில் வந்து நின்றார்.

"ஏர்போர்ட் போற வண்டி வீட்டுக்கு வந்துருச்சுடா. அம்மா அழுவுது. ஏறு."

காலைக்கூடக் கழுவாமல் ஏறிப் போனான். எடுத்ததைப் போட்டுப் பார்க்கலாமென்றால் வெயிலில் கேமராத் திரை கறுப்பாகக் கிடந்தது. "செமயா வந்திருக்கு தம்பி" என்றார் வீடியோகிராபர்.

சிதம்பரம் திரும்பி லேப்டாப்பில் பார்த்தேன். முதலில் முழு உருவம்தான். அவன் சுழலத் தொடங்கியதும் கேமரா மெல்ல மெல்ல முகத்துக்குப் போகிறது. போய், பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றுவிடுகிறது. வீடியோகிராபருக்குப் போன் செய்தேன்.

"நல்லா ஆடுறப்ப முகத்துக்குப் போவாம எப்படி தம்பி? மூஞ்சி விழலன்னா கல்யாண வீட்ல சும்மா வுடுவாங்களா?"

நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். கல்யாண வீட்டில் யார் ஆடினார்கள் என்பதுதானே முக்கியம். கோபப்படக்கூட முடியவில்லை.

அந்த முகத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். உதடு பாட்டுக்குச் சரியாக அசைகிறது. கண் மட்டும் அடிக்கடி வெளியே போகிறது, அவன் அண்ணன் வரவேண்டிய ரோட்டுப் பக்கம். அன்று கொடியைப் பிடித்து நின்ற நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அவன் தினமும் கேட்டான், "எங்க மச்சான் படம்?" கடைசியில் அனுப்பிவைத்தேன். வாய்ஸ் நோட் வந்தது.

"கால் இல்லாம என்னடா டான்ஸ்? பாஸ்போர்ட் போட்டோவா?"

அப்புறம் இரண்டு நாள் பேச்சே இல்லை. வேறு யாரையாவது ஆடவைத்து எடுத்துவிடலாம் என்று வகுப்பில் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. நானே அவனை அழைத்து, அங்கிருந்தே ஆட முடியுமா என்று கேட்டேன்.

"நின்னு நின்னு கால் வீங்கிப் போவுது மச்சான். ரூம்ல கட்டில் மேல கட்டில். திரும்பக்கூட எடமில்ல."

"மாடி?"

"ஏசி மிஷினுங்க ஜாஸ்தி. நடுவுல கொஞ்சம் எடம் இருக்கு. ஆனா அந்த வேகத்துல இப்ப வராதுடா."

தோழியிடம் பாட்டை மெதுவாக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இது டான்ஸ் பாட்டா, தாலாட்டா?" என்றாள். அவன் கால் வீங்குவதைச் சொன்னதும் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு; அந்த மாடியிலேயே போனை வைத்து ஆடுவான். கடலூரில் எடுத்ததோடு இதை ஒட்டப்போவதில்லை. புதிதாக ஒரே ஷாட். சுழல முடியாவிட்டால் நடக்கட்டும். போனை எத்தனை அடி தள்ளி வைத்தால் அவன் உயரத்துக்குத் தலையும் பாதமும் சேர்ந்து விழும் என்று, நாளை தோழியை நிற்கவைத்து அளந்து அனுப்பப் போகிறேன்.