பக்கத்து ஊட்டுக்காரங்க

மூன்று ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய நாள் பிற்பகல், பல்லடத்திலிருந்து திருப்பூர் வரும் ஒரு தனியார் பேருந்தில் இது தொடங்கியது. நானும் என் கணவரும் திருப்பூருக்கு வந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எனக்கு நான்காவது மாதம்.

நாங்கள் ஏன் அங்கே வந்தோம் என்பதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. இருவருக்கும் தெற்கே ஒரே வட்டாரம், சாதி வேறு. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே பேருந்து ஏறிவிட்டோம். அதற்கு முன் நான் ஒரு நாளிதழின் கிளை அலுவலகத்தில் பிழை திருத்தும் வேலையில் இருந்தேன். எங்களைப் போன்றவர்களைப் பற்றிய செய்திகள் அவ்வப்போது என் மேசைக்கு வரும். அவற்றில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: 'தகவல் அறிந்து அங்கு வந்த பெண்ணின் உறவினர்கள்.' அதில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். தகவலைச் சொன்னது யார் என்று எந்தச் செய்தியிலும் இருக்காது. ஊரை விட்டு வந்த பிறகுதான் அந்த ஆள் யாராக இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

திருப்பூரில் வேலை கிடைப்பது சுலபம். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அவருக்குக் கட்டிங், எனக்குச் செக்கிங். வந்த மறுநாளே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். யார், எவர் என்று துருவவில்லை. ஆனால் ஒளிந்துகொள்ள அதைவிட மோசமான ஊர் கிடையாது என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஆட்கள் எங்கே பார்த்தாலும் இருந்தார்கள். டீக்கடையில், ரேஷன் கடையில், கம்பெனி வேனில் என்று எங்கள் ஊர்ப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும். விழும்போதெல்லாம் இருவருக்கும் முதுகு சில்லிடும். நாங்கள் வாயைத் திறந்தால் போதும், எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். அடுத்த கேள்வி எந்த ஊர், அதற்கடுத்தது யார் வீட்டுப் பிள்ளை.

அதனால் அவர் ஒரு விதி வைத்தார். வெளியே கொங்குத் தமிழ் மட்டும்தான். உள்ளூர்க்காரர்களை ஏமாற்ற முடியாது, அது தேவையுமில்லை. தெற்கத்திக்காரர்கள் காதுக்கு நாங்கள் வேற்றாளாகத் தெரிந்தால் போதும். பழக்கம் வரவேண்டும் என்பதற்காக வீட்டுக்குள்ளும் அப்படியே பேசினோம்.

"ஏனுங் அம்மணி, சோறாச்சுங்களா?" என்பார், குக்கர் விசிலடிக்கும்போது.

"ஆகலீங்க. கொஞ்சம் கம்முனு உக்காருங்க" என்பேன்.

ஒரு நாள் காலையில் வாசலில் படுத்திருந்த நாயைப் பார்த்து, "கொஞ்சம் அக்கட்டால போங்க" என்று சொல்லிவிட்டார். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏந் தம்பி, நாயிக்கே 'ங்க' போட்டுட்டா எனக்கு என்னத்தப் போடுவ?"

அன்று முழுவதும் நினைத்து நினைத்துச் சிரித்தோம்.

சில மாதங்களில் பேச்சு நாக்கில் ஒட்டிக்கொண்டது. சண்டை போடும்போதும் 'ங்க' வந்தது. கோபம்கூட ஒழுங்காக வரவில்லை. முன்பெல்லாம் என்னை "ஏ பிள்ள" என்றுதான் கூப்பிடுவார். அது எந்த நாளில் நின்றது என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து வெளியே போவதில்லை. போனாலும் பேருந்தில் அவர் முன்பக்கம், நான் பின்பக்கம். ஒருமுறை சினிமாவுக்குப் போனோம். வேறு வேறு வரிசையில் உட்கார்ந்தோம். இடைவேளையில் அவர் பப்ஸ் வாங்கிவந்து, என் வரிசையின் ஓரத்தில் இருந்த ஒரு பெண்ணிடம், "அதோ அவங்ககிட்டக் குடுத்துருங்க" என்று நீட்டினார். அந்தப் பெண் பப்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "தெரிஞ்சவருங்களா?" என்று கேட்டாள். பார்த்திருக்கிறேன் என்றேன்.

எங்களுக்கு உண்மையான விடுமுறை என்பது தீபாவளியும் பொங்கலும்தான். அப்போதுதான் தெற்கத்திக்காரர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போவார்கள். சிறப்புப் பேருந்துகள் ஒவ்வொன்றாக நிரம்பிப் புறப்படும். மெஷின் சத்தம் நின்றுவிடும். எங்கள் லைன் வீட்டில் எல்லாக் கதவிலும் பூட்டு தொங்கும். "நோம்பிக்கு ஊருக்குப் போகலயா கண்ணு?" என்று வீட்டுக்கார அம்மா கேட்பார். பண்டிகை எதுவானாலும் அவருக்கு அது நோம்பிதான். லீவு கம்மிங்க என்று சொல்லிவிடுவோம். முதல் தீபாவளிக்கு, காலியாகிவிட்ட தெருவில் பட்டப்பகலில் கைகோத்து நடந்தோம். எதிரில் வந்தவர்கள் யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாணமானவர்கள் எல்லாரும் தினமும் இப்படித்தான் நடக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த தீபாவளிக்கு மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு திருமூர்த்தி மலைக்குப் போனோம். போகும்போதும் வரும்போதும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். அணையைப் பார்த்தோம், பொரி வாங்கித் தின்றோம், குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று பேசினோம். பெயர் முடிவாகவில்லை.

பல்லடத்தில் பேருந்து மாறினோம். எங்களுக்குப் பின் இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். இரண்டு பைகள், மடியில் ஒரு முறுக்கு டப்பா. போனில் சத்தமாகப் பேசினார்.

"எடமே இல்ல கேட்டியா. வார பஸ்ஸெல்லாம் திருப்பூர்லயே ரொம்பி வருது. பல்லடத்துல வந்து நின்னாலும் ஒருத்தனும் நிப்பாட்ட மாட்டேங்கான். திரும்பி வீட்டுக்குத்தான் போயிட்டிருக்கேன். முறுக்கா? நானே தின்னுட்டுக் கெடக்கேன், வேற என்ன செய்யச் சொல்லுத?"

கடைசியில் தன் ஊர்ப் பெயரைச் சொன்னார். என் அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு அடுத்த ஊர் அது.

என் கணவர் எழுந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். அது எங்கள் வழக்கம்தான். நானும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சற்று நேரத்தில் அடிவயிற்றில் வலி பிடித்தது. முதலில் சாதாரண வலி என்று நினைத்தேன். இரண்டாவது முறை வந்தபோது முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க" என்று கூப்பிட்டேன். எங்களுக்கு நடுவில் ஆட்கள் நின்றார்கள். பாட்டு வேறு ஓடிக்கொண்டிருந்தது. அவர் சாலையைப் பார்த்து நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். மூன்றாவது முறை என் வாய் என் சொல் கேட்கவில்லை.

"யம்மோ... என்னப் பெத்த எம்மா... முடியலயே..."

பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்தது.

"என்ன தாயி, என்ன செய்யுது? எத்தன மாசம்? எந்தூரு பிள்ள நீ?"

அந்த வலியிலும் நான் சொன்னது இதுதான்: "ஒண்ணுமில்லீங்க. இந்த ஊருதானுங்க."

அவர் ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு என் புடவையைப் பார்த்தார். "ஏ, வண்டிய நிறுத்துல!" என்று அவர் போட்ட கத்தலில் பாட்டு நின்றது, பேருந்தும் நின்றது. வீரபாண்டிப் பிரிவுக்குப் பக்கம் அது. என் கணவர் அப்போதுதான் திரும்பிப் பார்த்து ஓடிவந்தார்.

"நீ யாருய்யா?" என்றார் அந்த அம்மா.

"ஊட்டுக்காரருங்க" என்று நான்தான் சொன்னேன்.

"ஊட்டுக்காரரா? பொண்டாட்டிய இங்கன விட்டுட்டு அங்க போயி என்னத்தப் பிடிச்சுட்டு நின்னீரு?"

அவரே ஆட்டோவை மறித்தார். என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய பைகள் என் கணவரின் கையில் இருந்தன.

அரசு மருத்துவமனையில் பிரசவப் பகுதிக்குள் ஆண்களை விடுவதில்லை. அவர் வெளியே நின்றுவிட்டார். கூட வந்தது அந்த அம்மாதான். நர்ஸ் விவரம் கேட்டு எழுத ஆரம்பித்தார்.

"நீங்க இவங்களுக்கு யாரு?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இனி இவர் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பஸ்ஸில் பார்த்த பிள்ளை, எங்கள் ஊர்ப் பக்கம்போல இருக்கிறது, அப்படித்தானே சொல்வார்கள்?

"பக்கத்து ஊட்டுக்காரங்க" என்றார்.

"சொந்த ஊரு?"

"இங்கதானுங்க. பொறந்ததே பல்லடத்துப் பக்கந்தானுங்க இந்தப் புள்ள."

தெற்கின் வாடைகூட அதில் இல்லை. பல வருடம் திருப்பூரில் இருப்பவர் போலும். கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் கீழே விரித்திருந்த துணியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு வரிசையாக நினைவில் இல்லை. வெளியே எங்கோ பட்டாசு வெடித்துக்கொண்டே இருந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு "முடியலீங்க, முடியலீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். அந்த அம்மா குனிந்து என் காதருகே வாயை வைத்துச் சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது.

"கத்து தாயி. நம்மூர்க்காரவுக ஒருத்தரும் இங்கன இல்ல. நான் பாத்துட்டேன். நல்லாக் கத்து."

கத்தினேன். ஒன்றரை வருடம் பேசாத பேச்செல்லாம் அப்போது வந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன், அப்பாவைக் கூப்பிட்டேன், ஊரில் எங்கள் தெருவில் இருக்கும் ஆட்களைக்கூடக் கூப்பிட்டேன் என்று நினைக்கிறேன். அவர் என் கையை விடவில்லை.

குழந்தை தங்கவில்லை. ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

தீபாவளி விடிந்தது. அந்த அம்மா எனக்குக் காப்பி வாங்கிவந்தார். வார்டில் இருந்தவர்களுக்கு அந்த முறுக்கைப் பிரித்துக் கொடுத்தார். எல்லார் எதிரிலும் என்னிடம் கொங்குத் தமிழில்தான் பேசினார். "ஊட்டுக்குப் போயி ரசம் வெச்சு எடுத்துட்டு வர்றேன் கண்ணு. மத்தியானம் வந்துர்றேன், எங்கியும் போயறாத" என்று சொல்லிவிட்டுப் பைகளை எடுத்துக்கொண்டு போனார். பெயரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மத்தியானம் வருகிறாரே.

அவர் போனதும் என் கணவர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது. இரவெல்லாம் அந்தச் சுவரோரம்தான் இருந்திருக்கிறார். அந்த அம்மா நர்ஸிடம் சொன்னதை அவரிடம் சொன்னேன். எல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டார் என்றேன்.

"வேணும்னு சொல்ல மாட்டாங்க" என்றார். "இன்னைக்குத் தீபாவளி. ஊர்ல இருந்து போன் வரும். ஏன் வரலன்னு கேப்பாங்க. நம்ம பக்கத்துப் புள்ள ஒண்ணு, பாவம், பஸ்ல இப்படி ஆயிப்போச்சுன்னு சொல்லுவாங்க. அவ்வளவுதானுங்க."

நான் திருத்திய செய்திகளில் தகவல் சொன்னவர்கள் எல்லாரும் விரோதிகளாக இருந்திருக்க முடியாது. பலர் இரக்கப்பட்டுச் சொன்னவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் செய்தியில் வராததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

வீடு மாறுவதென்று என் கணவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். வேலம்பாளையத்துக்குப் போய், இருந்த கொஞ்சச் சாமானையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி, நகரத்தின் இன்னொரு மூலையில் இறக்கினார். "நோம்பி நாளுமா யாராச்சும் ஊடு காலி பண்ணுவாங்களா?" என்று வீட்டுக்கார அம்மா திட்டினாராம். மருத்துவர் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொன்னபோது மத்தியானம் ஆகவில்லை. நான் நடந்து வெளியே வந்தேன். வாசலில் தெரிந்த ஒவ்வொரு புடவையையும் பார்த்தேன். அந்த அம்மா இன்னும் வந்திருக்கவில்லை. வந்திருப்பார், ரசத்தோடு வந்து அந்தக் கட்டிலைப் பார்த்திருப்பார். வேறு யாரோ படுத்திருந்திருப்பார்கள்.

புது வீட்டிலும் எங்கள் விதி மாறவில்லை. யாரும் எங்களைத் தேடி வரவில்லை. அந்த அம்மா சொல்லவில்லை என்று அதை வைத்துச் சொல்லலாம். சொல்லியும் யாரும் பொருட்படுத்தவில்லை என்றும் சொல்லலாம். எங்களுக்கு அதற்குப் பிறகு குழந்தை இல்லை. எப்போதாவது அந்தக் குழந்தையைப் பற்றிப் பேச்சு வரும். "இருந்திருந்தா இப்ப ஓடியாடுமுங்க" என்பார் அவர். "ஆமாங்க" என்பேன். எங்கள் சொந்தப் பேச்சில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒருமுறைகூட அழுததில்லை. நான் அப்படி அழுததைக் கேட்ட ஒரே ஆள் பெயர் தெரியாத அந்த அம்மாதான்.

தீபாவளிக்கு இப்போது நாங்கள் வெளியே போவதில்லை. மற்ற நாட்களில், பேருந்தில் பின்னாலிருந்து எங்கள் ஊர்ப் பேச்சு கேட்டால் இன்றும் முதுகு சில்லிடுகிறது; ஆனாலும் திரும்பிப் பார்க்கிறேன். அது அவராக இருந்தால் கையைப் பிடித்துக்கொள்வேனா, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேனா என்பது இத்தனை நாளாகியும் எனக்குத் தெரியவில்லை.