காற்றில் வீசினாலும் அடிதான்

டிகிரியைப் பாதியில் விட்டவனுக்கு எஸ்டேட் வேலை எங்கே கிடைக்கும்? மேனேஜருக்கு கோல்ஃப் பைத்தியம், ஆடுகிறவன் என்றால் படிப்பைக் கேட்கமாட்டார் என்றார் மாமா. அதோடு நிற்காமல், நான் நன்றாக ஆடுவேன் என்று அவரிடம் அளந்தும் விட்டார். திங்கட்கிழமை திருவனந்தபுரத்தில் இண்டர்வியூ. வரும்போது ஸ்கோர் அட்டையும் கொண்டுவர வேண்டும். நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லை. அதனால்தான் 1978 ஜூனில், ஒரு சனிக்கிழமை, இந்தப் பயணம்.

நாகர்கோவிலில் காலை ஐந்தரைக்கு பஸ். எழுபது கிலோமீட்டருக்கு இரண்டே முக்கால் மணி நேரம். பாறசாலையில் டிரைவர் சாயா குடித்ததே கால் மணி. திருவனந்தபுரம் பழவங்காடியில் இறங்கி ஆட்டோவில் நாலு கிலோமீட்டர், மூன்று ரூபாய். கோல்ஃப் கிளப் சின்னது, ஒன்பதே குழி. வெளியாளுக்குப் பத்து ரூபாய், மட்டை வாடகை ஐந்து, பை தூக்கும் கேடிக்கு நாலு. மலிவுதான். ஆனால் செருப்போடு உள்ளே விடமாட்டார்கள். காவலாளியின் ஷூவை இரவல் வாங்கினேன். ஒரு சைஸ் சின்னது.

கேடி தங்கராஜ் அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் வள்ளியூர். இங்கே வந்து இருபது வருஷம். அட்டையை அவர்தான் எழுதுவார். முதல் குழியில் ஆறு தடவை வீசினேன், பந்து அசையவில்லை. ஏழாவதில் போனது. இதுவரை ஒரு அடி என்றேன் நான். அவர் ஏழு என்று குறித்துக்கொண்டார்.

"பந்துல படவே இல்லையே, அண்ணாச்சி."

"காத்துல வீசினாலும் அடிதான் தம்பி. இங்க அதாக்கும் சட்டம்."

இரண்டு தடவை மழை. ஐந்தாவது குழியை மறித்து ஒரு மாடு படுத்திருந்தது, அதற்கு இருபது நிமிஷம். கால் கொப்பளித்துவிட்டது. முடிவில் மொத்தம் 91 அடி. கோல்ஃபில் அடி குறையக் குறையத்தான் பெருமை. வேலை விஷயத்தைச் சொல்லி, அறுபது என்று போடுங்கள் என்று கெஞ்சினேன். பரிதாபப்பட்டுத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கள்ளம் எழுதினா நாளைக்கு என் கையெழுத்த ஆரு நம்புவா? ஒமக்கு ஒரு நாள் காரியம். எனக்கு தெனமும் இதுதான சோலி."

9ஐ நான் 6 ஆகத் திருத்திவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்திலேயே எழுத்தாலும் எழுதினார். மலையாளத்தில்.

வேறு அட்டை ஏது? திங்கட்கிழமை அதையே நீட்டினேன். யார் எழுதியது என்று மேனேஜர் கேட்டார், சொன்னேன். "தங்கராஜ் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தார். மாமாவின் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டிகிரி சர்டிபிகேட்டைக் கேட்டார்.

போகிறவர்களுக்கு: சொந்த ஷூவும் காலர் வைத்த சட்டையும் கட்டாயம். ஏழு மணிக்கே போனால் மாட்டுக்குத் தப்பலாம், மழைக்கு உத்தரவாதமில்லை. தங்கராஜ் அண்ணாச்சியையே கேட்டு வாங்குங்கள். கடைசிக் குழியில் நான் எடுத்தது ஐந்தே அடி. அதையும் அவர்தான் எழுதியிருக்கிறார்.