இடுப்பில் கட்டிய கொடுவா

அண்ணனின் முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொண்ட உங்களுக்கு, அவருடைய வாழ்க்கையைக் கால வரிசைப்படி சொல்ல நினைக்கிறேன். பள்ளிக் காலம் தொட்டு நாட்குறிப்பு எழுதுபவள் நான். அப்படியிருந்தும் ஒரு சம்பவம் நம் குடும்பத்தில் இன்றுவரை தவறாகவே சொல்லப்படுகிறது.

அண்ணன் கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. படிப்பை நிறுத்திவிட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். பின்னாளில் லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஆனார். என்னை ஆசிரியையாக்கியது அவருடைய உழைப்பு. கோபத்தில்கூட எவரையும் 'டா' போட்டுப் பேசியதில்லை.

அவருடைய ஒரே பொழுதுபோக்கு தூண்டில். ஞாயிறுகளில் தோட்டத்துக் குளத்தில் இடுப்பளவு நீரில் நிற்பார். பிடித்த மீனைக் கரையில் போட்டால் லயத்து நாய்கள் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுபோல, செவுளில் நைலான் கயிறு கோத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்.

அந்தப் பழக்கத்தோடுதான் ஓர் ஆடி மாதப் பௌர்ணமிப் போயா விடுமுறையில், கடலோரத்துப் பொத்துவில் களப்பு நீரிலும் இறங்கினார். அண்ணியும் நானும் கரையில் இருந்தோம். காலையிலேயே பெரிய கொடுவா மீன் ஒன்று மாட்டியது. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுபடி தூண்டிலை வீசினார்.

"பாரு புள்ள, ஒங்க அண்ணன் மீன ஒட்டியாணமா மாட்டிக்கிட்டு நிக்கிறாரு," என்றார் அண்ணி.

சிரித்தபடி பார்த்தேன். அண்ணனுக்குப் பின்னால், நீர்மட்டத்தில் இரண்டு கண்கள். முதலை.

பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த மீனவரும் பார்த்துவிட்டார். "அண்ணே, ஓடாதீங்க. பின்னால மொதல. மீனுக்குத்தான் வாறது, கயித்த அவுத்து உடுங்க."

அண்ணனின் விரல்கள் முடிச்சைத் தேடின. நனைந்த நைலான் இறுகியிருந்தது.

"முடிச்சு வர மாட்டேங்குது," என்றார், சட்டைப் பொத்தானைப் பற்றிச் சொல்வதுபோல மெதுவாக. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

கத்தி என் மடியிலிருந்த தூண்டில் பெட்டிக்குள் இருந்தது. எனக்குத் தெரியும். கால் எழவில்லை. குரல் வரவில்லை. அந்தக் கண்கள் நீருக்குள் மறைந்தன. எங்கே போயின என்று தெரியவில்லை.

அண்ணி பெட்டியைப் பிடுங்கிக் கத்தியோடு இறங்கினார். நீந்தத் தெரியாதவர். முழங்கால், தொடை, இடுப்பு.

"அசையாதீங்க. வந்துட்டேன்ல."

கயிறு அறுந்தது. இருவரும் பின்னோக்கி ஓரடி ஓரடியாக வந்தார்கள். கொடுவா மிதந்த இடத்தில் தண்ணீர் ஒருமுறை பொங்கியது. பிறகு மீன் இல்லை.

திரும்பும் வழியில் பிபிலையில் தேநீர் குடித்தோம். அண்ணனால் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும், "தங்கச்சி போட்ட சத்தத்துலதான் தப்பிச்சேன்," என்றார். எல்லோரிடமும் அப்படியே சொல்லிவந்தார். நான் மறுக்கவில்லை.

சென்ற ஆண்டு இதய நோயோடு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வார்டு வாசலைத் தாண்ட எனக்குத் துணிவில்லை. மூன்றாம் நாள் அண்ணி வெளியே வந்து, அண்ணன் சொன்னதைச் சொன்னார்: "புள்ளைய உள்ள கூப்பிடாத. அன்னிக்கும் பயந்துபோய் ஒக்காந்திருந்துச்சு, நான் பாத்தேன்."

அதைக் கேட்ட பிறகே உள்ளே போனேன்.

கடைசி நாட்களில் துணை நின்ற உறவினருக்கும், தோட்டத்து மக்களுக்கும், நாங்கள் பெயர்கூடக் கேட்காமல் விட்டுவந்த அந்த மீனவருக்கும் எங்கள் நன்றி. களப்பில் நான் சத்தம் போடவில்லை. அண்ணனைக் கரைக்குக் கூட்டிவந்தவர் அண்ணி. இனி இந்தக் கதையைச் சொல்லும்போது அப்படியே சொல்லுங்கள்.