இடது பெட்டி

மார்ச் 14, வியாழன்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். 'தவறு' என்ற சொல் சரியில்லை. தெரிந்தேதான் செய்தேன். அதற்குப் பிறகு நடந்ததை நானே மூன்று முறை யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நம்ப முடியாதுதான், ஆனால் நடந்தது. நேரங்கள் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தவை.

எலெக்ட்ரானிக்ஸ் மாலை வகுப்பில் எங்களுக்கு இந்த மாதம் ஒரே வேலை. மியூசிக் ப்ளேயரில் செருகிப் பாட்டுக் கேட்க, உள்ளங்கையில் அடங்கும் ஸ்பீக்கர் பெட்டிகள் ஆளுக்கு இரண்டு செய்ய வேண்டும். மூன்றாவது மேசையில் நானும் இன்னொருத்தியும். அவளுக்கு மாஸ்டர் வைத்த பெயர் தங்கக்கை. எனக்கு அவர் பெயரே வைக்கவில்லை. நாளை பத்து மணிக்கு சர்வீஸ் சென்டர் முதலாளி வருகிறார். எங்கள் மேசையிலிருந்து ஒருவருக்குத்தான் வேலை. இந்த ஒரு வேலைக்காகத்தான் ஆறு மாதமாக வகுப்புக்கு வருகிறேன்.

அவர் வைக்கும் சோதனை எளிது. ஒன்றிலிருந்து பத்து வரை நம் குரலிலேயே எண்ணிப் பதிவு செய்து, போட்டுக் காட்ட வேண்டும். ஒயர்கள் சரியாக இருந்தால், குரல் இரண்டு பெட்டிகளுக்கும் நட்டநடுவில், ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசுவது போலக் கேட்கும். ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால், குரல் மெலிந்து எங்கோ கரைந்துவிடும்.

6.40. என் பெட்டி கரகரத்தது.

"ஏண்டி, உன் பெட்டி இருமுது பாரு. மருந்து வாங்கிக் கொடு!" என்றாள் தங்கக்கை.

வகுப்பே சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

6.50. அவள் கை கழுவப் போனாள். மற்றவர்கள் மாஸ்டர் மேசையைச் சுற்றி நின்றார்கள். அவளுடைய இடது பெட்டியைத் திறந்தேன். நான்கு திருகாணி. சிவப்பு இருந்த இடத்தில் கறுப்பு. கறுப்பு இருந்த இடத்தில் சிவப்பு. ஆறு நிமிடம். என் கை நடுங்கவே இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

7.40. வகுப்பு முடிந்தது. பூட்டும் முறை இன்று எனக்கு.

"பூட்டிட்டு வாடி. பேய் வந்தா என்னைக் கூப்பிடு!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நேராகப் பூட்டியிருக்கலாம். கேட்க ஆசை. அவள் தோற்பதை ஒரே ஒரு முறை கேட்க வேண்டும். அவளுடைய ப்ளேயரைச் செருகி அழுத்தினேன்.

7.46. "ஒண்ணு... ரெண்டு... மூணு..." அவள் குரல்தான். மெலிசாக, சுவருக்குப் பின்னாலிருந்து வருவது போல. எனக்குச் சிரிப்பு வந்தது.

"நாலு..."

அதே நேரத்தில், நட்டநடுவில், இன்னொரு குரல். தெளிவாக.

"...நாலு."

பெண் குரல். அவள் குரல் இல்லை. என் குரலும் இல்லை.

எதிரே நாற்காலி காலி.

அவள் பத்து வரை எண்ணி முடித்தாள். மற்ற குரல் நிற்கவில்லை.

"மாத்து."

ப்ளேயரைப் பிடுங்கினேன். 7.48.

"மாத்து."

பெட்டிகளின் பேட்டரிகளைக் கழற்றினேன். இரண்டும் என் உள்ளங்கையில் சில்லென்று இருந்தன.

விரலை ஸ்பீக்கர் தாள் மேல் வைத்தேன். தாள் அசைந்தது... மூச்சு விடுவது போல.

எழுத வெட்கம்தான், ஆனால் உண்மை. அந்த நேரத்திலும் ஒரு கணம் பொறாமைப்பட்டேன். பேய்கூட அவள் பெட்டியில்தான் பேசுகிறது.

"அவ வர்றதுக்குள்ள மாத்திடு..."

நாற்காலி நகர்ந்தது.

ஓடினேன்.

7.51. வாசலில் மாஸ்டர் சாவிக்காக நின்றார். கதவைப் பூட்டினேனா என்றே நினைவில்லை. சாவி மட்டும் கையில் இருந்தது.

"மாஸ்டர், மூணாவது மேசையில இதுக்கு முன்னாடி யாரு இருந்தா?"

அவர் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார்.

"ஒரு பொண்ணு இருந்தா. ரெண்டு வருஷம் ஆச்சும்மா. சோதனைக்கு முந்தின நாள். வீட்டுக்குப் போனவ பஸ் ஸ்டாப்புல இருந்து போன் பண்ணா. 'பூட்டிடாதீங்க மாஸ்டர், ஒரு ஒயரை மாத்தணும், ஓடி வரேன்'னா. தெருவைத் தாண்டும்போது லாரி."

"அவ பெட்டியில ஒயர் தப்பா இருந்துச்சா?"

"அவ பெட்டி சரியாத்தான் இருந்துச்சு. பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணோட இடது பெட்டியைத் திறந்து பாத்தோம். சிவப்பும் கறுப்பும் இடம் மாறி இருந்துச்சு." என் முகத்தைப் பார்த்தார். "ஏன் கேக்குறே?"

"சும்மா."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கண்ணில் இன்னும் சின்னவளாகிவிடுவேன் என்று தோன்றியது.

நாளைய வேலை: ஒன்பது மணிக்கு மாஸ்டரிடம் சாவி வாங்க வேண்டும். அவள் வருவது ஒன்பதரைக்கு. அதற்குள் இடது பெட்டி, நான்கு திருகாணி, சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் வைக்க வேண்டும். தெருவைக் கடக்கும் முன் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.