ஒயர் கழற்றிய பிறகு

வலிப்பு என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டோம். மயக்கம் என்போம். பதினைந்து வயதிலிருந்தே எனக்கு அந்த மயக்கம் வந்துகொண்டிருந்தது. இரும்புலியூரில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. நான் விழுந்தால் அம்மா முதலில் ஜன்னலைச் சாத்துவாள், அப்புறம்தான் என்னைப் பார்ப்பாள். அதில் எனக்குத் தீராத கோபம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் குரோம்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு பாங்கில் வேலை. எனக்கும் அவரைப் பிடித்துவிட்டது. அதனாலேயே, உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றேன். அம்மா கேட்டால்தானே!

“பெரிய ஆஸ்பத்திரியில மூளையைப் படம் எடுக்கிற மிஷின் இருக்காம். அதுல ஒண்ணுமில்லைன்னு வந்துட்டா நாம எதுக்குச் சொல்லணும்?” என்றாள். சரி, மிஷின் சொல்வதையே கேட்போம் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். கட்டிலில் படுக்கவைத்து, தலையில் ரப்பர் பட்டைகளை மாட்டி, பிசுபிசுவென்று களிம்பு தடவி, இடத்துக்கு இடம் ஒயர் வைத்தார்கள். மூளையில் ஓடுகிற கரண்டை அது எழுதும் என்றார் நர்ஸ். என் மூளையில் கரண்ட் ஓடுகிற விஷயமே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பக்கத்தில் மிஷினின் முட்கள் தாளில் கிறுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வேகமாக மூச்சு விடச் சொன்னார்கள். கண்ணுக்கு நேரே விளக்கைப் பளிச் பளிச்சென்று அடித்தார்கள். வருவதாக இருந்தால் இப்போதே வந்து தொலையேன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு கிடந்தேன். வரவில்லை.

“படம் நல்லா இருக்கு” என்றார் டாக்டர். “ஆனா அந்தக் கொஞ்ச நேரத்துல என்ன நடந்துதோ அதைத்தான் அது காட்டும். வியாதி போயிடுச்சுன்னு அர்த்தமில்லை. மாத்திரையை நிறுத்தாதீங்க.” அம்மா முதல் வாக்கியத்தோடு எழுந்துவிட்டாள்.

திரும்பும்போது மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறினோம். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கல்யாணப் புடவை எங்கே எடுக்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தாள். பல்லாவரம் வரை எனக்கு நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது தாம்பரம் பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் கிடந்தேன். கை நிறைய சாவி. வலிப்புக்கு இரும்பு கொடுக்க வேண்டும் என்று பெட்டியிலிருந்த பெண்கள் இடுப்புச் சாவிக்கொத்தையெல்லாம் உருவி என் கையில் திணித்திருக்கிறார்கள். நான் பிடியை விடும்வரை வீட்டுக்குப் போக முடியாமல் அத்தனை பேரும் சுற்றி நின்றிருந்தார்கள். ஒரு கொத்து எங்கள் எதிர்வீட்டு அக்காவுடையது.

“இப்ப பரவால்லியாம்மா?” என்றாள் பூக்கூடையோடு நின்ற ஒருத்தி. “உங்கம்மா இன்னா கத்து கத்துச்சு தெரியுமா? எம் பொண்ணுக்கு வலிப்பு, யாராச்சும் சாவி குடுங்கன்னு பொட்டி பூரா ஓடிச்சு.”

அம்மாவைப் பார்த்தேன். எதிர்வீட்டு அக்காவின் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

மறுநாள் அவளே குரோம்பேட்டைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தாள். அந்த வாரமே வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். சொல்ல வேண்டும் என்று குதித்தவளே நான்தான். ஆனாலும் படுக்கையில் விழுந்து அழுதேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“சொல்லாம கட்டிக்கொடுத்திருந்தா, அந்த வீட்ல நீ விழறப்போ சாவி குடுங்கன்னு கத்த யாருடி இருந்திருப்பா?” என்றாள்.